சாய்ந்த கூரைக்குக் கீழே ஒரு ஷவர்: நிற்கும் கோடு எங்கே?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்ம ஊரில் லாஃப்ட் என்றால் அறைக்குள் கதவு உயரத்துக்கு மேலே கான்கிரீட்டில் போட்ட பரண். கொலுப்படி, பழைய குத்துவிளக்கு, ஓடாத டேபிள் ஃபேன் எல்லாம் குடியிருக்கும் இடம். இங்கிலாந்தில் லாஃப்ட் என்றால் ஓட்டுக்கூரைக்கும் மேல்மாடி சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் முக்கோண வெற்றிடம். அதைத் தரை போட்டு, படி வைத்து, அறையாக மாற்றிக்கொள்வது லண்டனில் ரொம்பப் பழகிப்போன வேலை. இந்தக் கட்டுரை அந்த முக்கோணத்துக்குள் ஒரு ஷவர் வைத்த கதை. கதை என்பதைவிட கணக்கு என்று சொல்லலாம்.

ஷவர் வைக்கிறதுல என்ன பெரிய ஆராய்ச்சின்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மூன்று வாரம் தூங்கவில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது?

எங்கள் வீடு கிழக்கு லண்டனில், நூறு வயதைத் தாண்டிய டெரஸ் வீடு. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். ஒரே ஒரு குளியலறை, முதல் மாடியில், உள்ளே ஒரு தொட்டி. அந்தத் தொட்டிக்குள் நின்றுகொண்டுதான் ஷவர். கும்பகோணத்திலிருந்து அம்மா ஒவ்வொரு மே மாதமும் வந்து செப்டம்பர் வரை இருப்பார். வயது 74. தொட்டியின் விளிம்பு அவருக்கு முழங்காலைத் தாண்டி நிற்கும். ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, அப்புறம் இன்னொரு கால். போன முறை அப்படிக் கால் மாற்றும்போது வழுக்கி, திரைச்சீலையைப் பிடித்து, கம்பியோடு எல்லாம் கீழே வந்துவிட்டது. அடி எதுவும் படவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்தாயிற்று: தொட்டியை உடைத்து எடுத்துவிட்டு, தரை மட்டத்தில் வாட்டம் பார்த்து டைல்ஸ் போட்டு, ஒரு ஸ்டூல், ஒரு வாளி, ஒரு செம்பு.

சிக்கல் என்னவென்றால், நாலு பேர் இருக்கும் வீட்டில் இருக்கிற ஒரே குளியலறையை வாரக்கணக்கில் உடைத்துப்போட முடியாது. முதலில் மாடிக்கு மேலே இன்னொன்று வர வேண்டும். அதுவும் பெயருக்கு ஒன்று இல்லை, நிஜமாகவே பயன்படுத்தும்படி. நான் 175 செ.மீ. என் பையனுக்கு அப்போது 14 வயது, என் காது உயரத்துக்கு வந்துவிட்டான், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தான். குனிந்து குளிக்க வேண்டும் என்றால் இரண்டாம் நாளே அவன் கீழே இறங்கி வந்துவிடுவான். காலை ஏழு மணிக்கு அம்மா மறுபடி வரிசையில் நிற்பார். ஆக, அம்மாவின் குளியலறை மாடிக்கு மேலே இருக்கும் ஷவரின் உயரத்தை நம்பி இருந்தது.

பின்பக்கக் கூரையை வெட்டிப் பெட்டி மாதிரி ஒரு டார்மர் கட்டினால் நேர் சுவர், நேர் சீலிங் கிடைத்துவிடும். லண்டனில் பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். சாதாரணத் தெருவில் டெரஸ் வீட்டுக்கு 40 கன மீட்டர் வரை தனி அனுமதி வாங்காமலே கூரையை விரிக்கலாம். ஆனால் பழமை கருதிப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இந்தச் சலுகை கிடையாது. எங்கள் தெரு அப்படி ஒரு பகுதிக்குள் வருகிறது. கூரையின் சாய்வு அப்படியே இருக்கும், ஜன்னல் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை.

யாரும் சரிபார்க்காத அளவு

இங்கே எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒன்று. இங்கிலாந்துக் கட்டட விதிகளில் படிக்கட்டுக்குத் தலை உயரம் சொல்லியிருக்கிறார்கள்: 2 மீட்டர். லாஃப்ட் படிக்கட்டுக்குக் கொஞ்சம் தளர்த்தி, படியின் நடுவில் 1.9 மீ., சாய்வு இருக்கும் ஓரத்தில் 1.8 மீ. வரை ஒத்துக்கொள்கிறார்கள். காற்றுப்போக்கிக்கு அளவு உண்டு. கழிவுக் குழாய்க்கு வாட்டம் உண்டு. ஆனால் அறைக்கோ குளியலறைக்கோ குறைந்தபட்சக் கூரை உயரம் என்று எதுவும் இல்லை. அதாவது, நீங்கள் தவழ்ந்து போய்க் குளிக்கும்படி ஒரு ஷவர் கட்டினாலும், ஆய்வுக்கு வருபவர் மற்றதெல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். உயரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர் மட்டும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

பள்ளிக்கூட டேன் அட்டவணை

எங்கள் கூரையின் சாய்வு 40 டிகிரி. கூரை தரையை நோக்கி இறங்கிவரும் இடத்தில், அதற்குமேல் பயன்படாது என்று ஒரு குட்டைச் சுவர் எழுப்புவார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் தரையிலிருந்து கைமரத்தின் அடிப்பாகம் வரை 1.20 மீ. அங்கிருந்து வீட்டின் நடுப்பக்கம் நோக்கி நடந்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் கூரை 0.839 மீ. உயரும். 40 டிகிரியின் டேன் மதிப்பு அதுதான். 1.75 மீட்டர் தள்ளி, படுக்கையறையைப் பிரிக்கும் தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் கூரை சமதளமாகி 2.40 மீ. உயரத்தில் நிற்கும்.

இப்போது உடம்பின் அளவு. குளிக்கிறவன் சும்மா நிற்பதில்லை. தலைக்கு ஷாம்பு போடும்போது கை மேலே போகும், முழங்கை விரியும். நான் பழைய குளியலறைச் சுவரை ஒட்டி நின்று தலை தேய்க்கிற மாதிரி பாவனை செய்ய, பையன் பென்சிலால் கோடு போட்டான். 1.93 மீட்டர் வந்தது. அவன் என்னைவிட வளர்வான் என்று வைத்து 2.10 மீ. என்று முடிவு செய்தேன். ஷவர் தலையைத் தொங்கவிடவும் அந்த உயரம் போதும்.

ஆக, கூரை 2.10 மீ. உயரத்தைத் தொடும் இடத்தில் தரையில் ஒரு கோடு போடலாம். இதைத்தான் நான் ‘நிற்கும் கோடு’ என்கிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கலாம், இந்தப் பக்கம் குனியலாம். 2.10-இல் 1.20 போக 0.90, அதை 0.839-ஆல் வகுத்தால் 1.07 மீ. குட்டைச் சுவரிலிருந்து 1.07 மீட்டரில் கோடு. தடுப்புச் சுவர் 1.75-இல். மீதி 68 செ.மீ. ஒரு ஆள் தாராளமாக நின்று திரும்பலாம்.

பிளம்பர் கொடுத்த வரைபடமும் இதைத்தான் சொன்னது. 1200-க்கு 800 மி.மீ. ஷவர் ட்ரே, நீளவாக்கில் தடுப்புச் சுவரிலிருந்து குட்டைச் சுவரை நோக்கி. ட்ரேயின் நடுவில் பக்கவாட்டுச் சுவரில் ஷவர். அந்த நடுப்புள்ளியில் கூரை 2.165 மீ. “ஹைட்டு நிறைய இருக்கு சார்” என்கிற தோரணையில் எல்லாமே பச்சை டிக்.

ஆனால் அந்த வரைபடம் கைமரத்தையும் வெறும் பலகைத் தரையையும் வைத்துப் போட்டது. நாம் கைமரத்துக்கும் பலகைக்கும் நடுவில் குளிக்கப் போவதில்லை.

தடிமன் தின்னும் இடம்

கூரைக்கு அடியில் என்னவெல்லாம் வரும் என்று பட்டியல் போட்டேன். எங்கள் கைமரம் 100 மி.மீ. ஆழம். ஓட்டுக்கடியில் காற்று ஓட 50 மி.மீ. இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மரம் ஈரம் கோத்து உளுத்துவிடும். மிச்சம் 50 மி.மீ. இடத்தில்தான் வெப்பக்காப்புப் பலகை. குளிர் நாட்டுக்கு அது போதாது. அதனால் கைமரத்துக்குக் கீழே இன்னொரு 62.5 மி.மீ. பலகை, அதில் 50 காப்பு, 12.5 பிளாஸ்டர்போர்டு. அதன்மேல் ஷவர் பகுதிக்கு நீர்புகாத பேனல், பசையோடு சேர்த்து மொத்தம் 75 மி.மீ.

கீழே? பிளம்பர் தேர்ந்தெடுத்தது கால் வைத்த ட்ரே. தரையை உடைக்காமல் கழிவுக் குழாயை ட்ரேக்கு அடியிலேயே ஓட்டிவிடலாம் என்பது அவருடைய வசதி. நிற்கும் பரப்பு தரையிலிருந்து 150 மி.மீ. மேலே போய்விடும்.

75-ம் 150-ம் கேட்பதற்குச் சின்ன எண்கள். நேர் சீலிங் உள்ள அறையில் உயரம் 22 செ.மீ. குறையும், அவ்வளவுதான். சாய்ந்த கூரையில் கதையே வேறு. உயரத்தில் குறைவது தரையில் பக்கவாட்டாக இடத்தைத் தின்னும்.

இரண்டு விதி. கூரையின் பரப்பில் சேரும் தடிமனைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால், நிற்கும் கோடு எவ்வளவு நகரும் என்று தெரியும். தரையில் சேரும் உயரத்தை டேன் மதிப்பால் வகுக்க வேண்டும்.

75 மி.மீ. வகுத்தல் 0.643: 117 மி.மீ.
150 மி.மீ. வகுத்தல் 0.839: 179 மி.மீ.

மொத்தம் கிட்டத்தட்ட 30 செ.மீ. நிற்கும் கோடு 1.07-இலிருந்து 1.37-க்குப் போய்விட்டது. 68 செ.மீ. அகலமாக இருந்த இடம் 38 செ.மீ. ஆகிவிட்டது. என் தோள் அகலமே அதைவிட அதிகம். பிளம்பர் ஷவர் வைத்திருந்த நடுப்புள்ளியில் 2.165 என்று இருந்த உயரம், ட்ரேமேல் நின்றால் 1.92 மீ.

கூரை இன்னும் படுத்திருந்தால் நிலைமை மோசம். 30 டிகிரி கூரையில் இதே 75-ம் 150-ம் சேர்ந்து 41 செ.மீ. தின்னும். 45 டிகிரியில் 26 செ.மீ.-தான். செங்குத்தான கூரைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இந்தக் கணக்கைப் பிளம்பரிடம் காட்டினேன். அவர் நல்ல வேலைக்காரர், ஆனால் எக்ஸெல் ஷீட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எல்லா லாஃப்டிலும் இப்படித்தான் செய்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை என்றார். அப்போதுதான் அட்டைப்பெட்டி யோசனை வந்தது. வாஷிங்மெஷின் வந்த அட்டையை 1200-க்கு 800 என்று வெட்டித் தரையில் போட்டோம். அதன்மேல் 15 செ.மீ. உயரத்துக்கு மரக்கட்டையும் பலகையும். கைமரத்திலிருந்து சரியாக 75 மி.மீ. கீழே ஒரு ரீப்பர் கட்டையை ஆணியடித்து, சாய்வுக்கு இணையாக நிறுத்தினோம். பையனைக் கூப்பிட்டு, “ஏறி நின்னு தலை தேய்க்கிற மாதிரி பண்ணுடா” என்றேன். முதல் முயற்சியிலேயே முழங்கை கட்டையில் இடித்தது. என் முறை வந்தபோது தலையே இடித்தது. பிளம்பர் ஒன்றும் பேசவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு, “தரையைத் திறக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

லேப்டாப்பில் ஒரு வாரம் போட்ட கணக்கைவிட அந்த ரீப்பர் கட்டைதான் வேலையை முடித்தது. இதற்கு ஆன செலவு, ஆறு ஆணி.

எதை மாற்றினோம்

முதல் மாற்றம், ட்ரே. கால் வைத்ததை விட்டுவிட்டு, 40 மி.மீ. தடிமன் உள்ள தட்டை ட்ரே. கோடு நகர்வது 179-க்குப் பதில் 48 மி.மீ. நிற்கும் கோடு 1.24 மீட்டருக்கு வந்தது. நிற்க 51 செ.மீ. கிடைத்தது. தலையை மட்டும் பொறுத்த கோடு இது. காலும் உடம்பும் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இருக்கலாம்.

இரண்டாவது மாற்றம் காசு செலவில்லாதது, பலன் மட்டும் பெரியது: ஷவர் எந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்பது. பக்கச் சுவரின் நடுவில் இருந்ததை உயரமான தடுப்புச் சுவருக்கு மாற்றினோம். தண்ணீர் உயரமான பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கம் நோக்கி விழும். குளிக்கிறவர் தடுப்புச் சுவரிலிருந்து ஒரு 40 செ.மீ. தள்ளி நிற்பார். அந்த இடத்தில் ட்ரேயிலிருந்து கூரை வரை 2.19 மீ. சாய்வு முதுகுக்குப் பின்னால் இறங்கிப் போகும். தாழ்ந்த பாதி வீணாகவில்லை. தண்ணீர் சிதறி வடிய அந்த இடம் தேவை, சோப்பு வைக்க மாடமும் அங்கேதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தடுப்புச் சுவர் வீட்டுக்குள் இருக்கும் கதகதப்பான சுவர். குழாய்கள் அதற்குள் ஓடினால் குளிர்காலத்தில் உறையாது. குட்டைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் இடம் காப்புக்கு வெளியே, ஓட்டை ஒட்டிய குளிர்ந்த இருட்டு. அங்கே தண்ணீர்க் குழாய் ஓட்டுவது ஜனவரியில் வம்பை விலைக்கு வாங்குவது.

கூரையில் கண்ணாடி ஜன்னலை ஷவருக்கு நேர்மேலே வைத்தால் இன்னும் உயரம் கிடைக்கும். உள்பூச்சுக்கு மேலே 150 மி.மீ. உள்வாங்கிய ஜன்னல் என்றால் செங்குத்தாக 20 செ.மீ. லாபம். இடமே இல்லாதவர்களுக்கு நல்ல வழி. நாங்கள் வேண்டாம் என்று விட்டோம். நடுவில் அச்சு வைத்த ஜன்னலைத் திறந்தால் அதன் மேல்பாதி உள்ளே வரும், அதாவது நம் தலைக்கு. தினமும் நீராவியில் நனையும் மரச்சட்டமும் நாளடைவில் கறுக்கும். வைப்பதென்றால் பாலியூரித்தேன் பூசிய வெள்ளைச் சட்டமாகப் பார்த்து வைப்பது நல்லது.

தரைக்குள் என்ன நடக்கிறது

தட்டை ட்ரே வைத்தால் கழிவுநீர் டிராப் தரைக்குள் போகும். லாஃப்ட் தரையைத் தாங்குவது ஜாயிஸ்ட் என்கிற மர உத்தரங்கள். எங்கள் வீட்டில் 400 மி.மீ.க்கு ஒன்று, ஒவ்வொன்றும் 47 மி.மீ. அகலம். நடுவில் கிடைப்பது 35 செ.மீ. டிராப் அந்தச் சந்துக்குள்தான் உட்கார வேண்டும். பலகையைத் திறந்து பார்த்தால், முதலில் வாங்கிய ட்ரேயின் ஓட்டை சரியாக ஒரு உத்தரத்தின் தலைமேல். உத்தரத்தை வெட்டலாமா என்று கேட்டால், உத்தரத்தின் நடுப்பகுதியை வெட்டவே கூடாது என்பதுதான் பதில். துளை போடுவதற்கும் கணக்கு உண்டு: உத்தரத்தின் ஆழத்தில் கால்பங்குக்கு மேல் விட்டம் கூடாது, மேலுக்கும் கீழுக்கும் நடுக்கோட்டில் இருக்க வேண்டும், உத்தரத்தின் நீளத்தில் முனையிலிருந்து 0.25 பங்குக்கும் 0.4 பங்குக்கும் இடையில்தான். ஓட்டை ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும் ட்ரே வேறு வாங்கினோம். பத்து நாள் போயிற்று.

இதை முதலிலேயே செய்திருக்கலாம். தரைப்பலகையில் ஆணி வரிசையைப் பார்த்தாலே உத்தரம் எங்கே என்று தெரியும். ட்ரே வாங்கும் முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாட்டம்: 40 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 18 மி.மீ.யாவது இறக்கம் வேண்டும், 90-க்கு மேல் போகக்கூடாது. தனிக் காற்றுக்குழாய் இல்லாமல் 3 மீட்டர் வரை ஓட்டலாம், 50 மி.மீ. குழாய் என்றால் 4 மீட்டர். ரொம்ப நீளமாக ஓட்டினால், ஓடும் தண்ணீர் டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், அப்புறம் சாக்கடை நாற்றம் படுக்கையறைக்கு வரும். எங்களுக்கு வீட்டின் பின்பக்கச் செங்குத்துக் குழாய்வரை 2.4 மீ. உத்தரங்கள் ஓடும் திசையிலேயே குழாயும் போனதால் துளையே போட வேண்டியிருக்கவில்லை. 43 மி.மீ. இறக்கம் கொடுத்தோம்.

அந்தச் செங்குத்துக் குழாயின் மேல்முனை, 3 மீட்டருக்குள் திறக்கும் ஜன்னல் இருந்தால், அதைவிட 900 மி.மீ. உயரமாக இருக்க வேண்டும். புதிதாகக் கூரை ஜன்னல் வைக்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். நாங்களும் மறந்தோம். கடைசியில் ஒரு துண்டு குழாய் கூடுதலாக மாட்டினோம்.

தண்ணீர் மேலே ஏறுமா?

சென்னையில் அடுக்குமாடியில் கடைசி மாடியில் இருந்தவர்களுக்கு இது புரியும். தொட்டி தலைக்கு நேர்மேலே இருக்கும், ஷவரில் தண்ணீர் மட்டும் சொட்டும். ஏனென்றால் அழுத்தம் தருவது தொட்டியின் அளவு இல்லை, உயர வித்தியாசம். 1 மீட்டருக்கு 0.1 பார். பழைய ஆங்கிலேய வீடுகளிலும் இதே கதைதான்: தொட்டி லாஃப்டில் இருக்கும். லாஃப்டை அறையாக்கினால் தொட்டிக்கு மேலே இடம் இல்லை. அதனால் தொட்டியை எடுத்துவிட்டு, தெருக்குழாயின் அழுத்தத்திலேயே வேலை செய்யும் காம்பி பாய்லருக்கு மாறுவார்கள்.

அப்போது தெருக்குழாயின் அழுத்தம் மேலே வரை எட்டுமா என்று பார்க்க வேண்டும். இங்கே தண்ணீர் நிறுவனங்களுக்கு உள்ள அளவுகோல், வீட்டு எல்லையில் 10 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம், அதாவது 1 பார், நிமிடத்துக்கு 9 லிட்டர் ஓட்டத்தோடு. அந்தக் குறைந்தபட்சம்தான் உங்களுக்குக் கிடைக்கிறது என்றால், 6 மீ. மேலே இருக்கும் லாஃப்டில் மிஞ்சுவது 0.4 பார். குழாய்க்குள் உராய்வில் போவது தனி. ஷவர் மெல்லிய தூறல்தான். எங்கள் சமையலறைக் குழாயில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 2.2 பார். லாஃப்ட் அதைவிட 5.5 மீ. மேலே, 0.55 போக 1.65. கவலை இல்லை.

அடுத்தது வெந்நீர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோ ஜூல் என்று பள்ளியில் படித்தோமே, அதே கணக்கு. 30 கிலோவாட் பாய்லர், குளிர்காலத்தில் 7 டிகிரியில் வரும் தண்ணீரை 40-க்கு ஏற்றினால் நிமிடத்துக்கு 13 லிட்டர். ஒரு ஷவருக்கு நன்றாகவே போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளித்தால் ஆளுக்கு ஆறரை. வாளி நிரம்பும்வரை மாடியில் ஒருவன் கத்துவான். இதை எந்தக் கணக்காலும் தீர்க்க முடியவில்லை, நேரம் பிரித்துக்கொண்டோம்.

நீராவியும் மின்சாரமும்

சாய்ந்த கூரை இங்கேயும் ஒரு வேலை செய்கிறது. குளியலறையில் மின்சாரத்துக்கு மண்டலங்கள் வகுத்திருக்கிறார்கள். ட்ரேக்குள் பூஜ்ய மண்டலம். அதற்கு மேலே தரையிலிருந்து 2.25 மீ. உயரம்வரை முதல் மண்டலம். அதைச் சுற்றி 60 செ.மீ. இரண்டாம் மண்டலம். நேர் சீலிங் 2.40-இல் இருந்தால் விளக்கு இந்த மண்டலங்களுக்கு மேலே போய்விடும். லாஃப்டில் சாய்வு 2.25-க்குக் கீழேதான் இறங்கி வருகிறது. அதனால் ஷவருக்கு மேலே சாய்வில் அந்த உயரத்துக்குக் கீழே மாட்டும் எந்த விளக்கும் முதல் மண்டலத்துக்குள். குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 தரம் வேண்டும். நாங்கள் ஐ.பி.65 மாட்டினோம். இது சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை, நான் கை வைக்கவில்லை.

நீராவி சாய்வைப் பிடித்து ஏறி உச்சிக்குப் போகும். ஆகவே காற்றுப்போக்கி சமதளக் கூரையில், உயரமான இடத்தில். விதிப்படி நொடிக்கு 15 லிட்டர் இழுக்க வேண்டும். அதன் குழாய்க்கும் காப்பு சுற்றாவிட்டால், குளிர்ந்த குழாய்க்குள் நீராவி தண்ணீராகி, விசிறி வழியாகவே நம் தலையில் சொட்டும்.

கண்ணாடி

கடைசியாக வாங்க வேண்டியதை முதலில் வாங்காதீர்கள். சாய்வுக்கு ஏற்ப மேல்மூலை வெட்டிய தடுப்புக் கண்ணாடி கடினப்படுத்தப்பட்ட கண்ணாடி. கடினப்படுத்திய பிறகு வெட்டினால் தூளாகிவிடும். எனவே பேனல், டைல்ஸ் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு அட்டையில் அச்சு எடுத்து அனுப்ப வேண்டும். 40 டிகிரி என்று வரைபடத்தில் இருந்தது, அட்டை வைத்துப் பார்த்தால் 39-க்குக் கொஞ்சம் மேல். நூறு வருஷக் கூரை, கொஞ்சம் அசந்து உட்கார்ந்திருக்கிறது. கதவு வைக்கவில்லை. திறக்கும் கதவின் மேல்மூலை சாய்வில் இடிக்கும். தாழ்ந்த பக்கம் நிலையான கண்ணாடி, உயரமான பக்கம் 55 செ.மீ. திறந்த வாசல். உள்ளே நுழையாமலே குழாயைத் திறந்து சூடு பார்க்கலாம்.

செய்யப்போகிறவர்களுக்கு, வரிசையாக

1. கூரைச் சாய்வின் கோணத்தை ரசமட்டம் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.
2. வீட்டில் உயரமானவர் தலை தேய்க்கும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். குழந்தைகள் வளர்வார்கள்.
3. கூரையிலும் தரையிலும் சேரப்போகும் தடிமன் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சைனால் ஒன்று, டேனால் ஒன்று வகுத்து நிற்கும் கோட்டை நகர்த்துங்கள்.
4. ஷவரை உயரமான சுவரில் வையுங்கள்.
5. ட்ரே வாங்கும் முன் உத்தரங்கள் எங்கே என்று பாருங்கள்.
6. காசு கொடுக்கும் முன் அட்டையும் ரீப்பரும் வைத்து நின்று பாருங்கள்.

மார்ச்சில் கீழே தொட்டியை உடைத்தோம். அந்த மூன்று வாரமும் நாங்கள் எல்லோரும் மேலேதான் குளித்தோம். யாருக்கும் தலையில் இடிக்கவில்லை. மே மாதம் அம்மா வந்தார். கீழே அவருடைய ஸ்டூலும் செம்பும் தயாராக இருந்தன. நாலு நாள் கழித்து, மேலே என்னதான் கட்டியிருக்கிறான் என்று பார்க்க மெதுவாகப் படியேறி வந்தார். சாய்ந்த கூரையையும் குட்டைச் சுவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

“இதுக்கா இத்தனை கணக்கு? உக்காந்து குளிச்சா வீடு பூரா உயரந்தானேடா” என்றார்.

அது உண்மைதான். ஸ்டூலில் உட்கார்ந்து செம்பால் ஊற்றிக்கொண்டால் ஒன்றரை மீட்டர் கூரையே போதும். நின்று குளிக்கும் பழக்கத்துக்காகத்தான் நான் முப்பது சென்டிமீட்டரைத் தேடி அலைந்தேன். ஆனால் பையன் உட்கார்ந்து குளிக்கமாட்டான். இதை எழுதும்போது அவன் என்னைவிட மூன்று விரற்கடை உயரம். போன வாரம் மறுபடி பென்சில் கோடு போட்டுப் பார்த்தேன். முழங்கைக்கும் கூரைக்கும் நடுவில் இன்னும் இடம் இருக்கிறது.